தலைவருக்கு ஒரே ஓட்டு

எங்கள் பிளாட்டுக்கு நான் தலைவரானது என் வாயால்தான். திறமையால் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போன வருஷப் பொதுக்கூட்டத்தில் குணாளனைப் பார்த்து, “இது என்ன ஒங்கப்பா கட்டுன வீடா?” என்று நான் கேட்டது நாலாவது மாடி வரைக்கும் கேட்டதாம். அதுவரை வாயே திறக்காதவர்களெல்லாம் கைதட்டினார்கள். யாரோ என் பெயரைச் சொன்னார்கள், யாரோ வழிமொழிந்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் ரோஹானா என் பெயரை எழுதிவிட்டாள். ரோஹானா எங்கள் செயலாளர், மலாய்க்காரப் பெண், எழுதினால் அழிக்கமாட்டாள்.

குணாளன் எனக்கு முன்னால் தலைவராக இருந்தவர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த பிளாட்டில் தன்னைத் தவிர வேறு யாருக்கும் மூளை இருப்பதாக அவர் நினைக்கவில்லை. யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று ஒரு நாள் காலையில், எல்லாரும் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, எல்லா வீட்டுத் துணிக்கொடியையும் அறுத்துப் போட்டார். என் நல்ல சேலை இரண்டு சாக்கடையோரம் கிடந்தது. வந்த பெரிய மனிதர் காரை விட்டுக்கூட இறங்கவில்லை. கூட்ட அறைச் சாவி எப்போதும் குணாளன் சட்டைப்பையில்தான் இருக்கும். செயற்குழு என்று எட்டுப் பேர் இருந்தோம், மாதம் ஒரு முறை போய் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருவோம்.

அதனால் என்னைத் தேர்ந்தெடுத்த கூட்டத்திலேயே விதியையும் மாற்றச் சொன்னேன். தலைவர் தனியாக எதையும் முடிவு செய்யக்கூடாது. எதுவானாலும் குழுவில் வைத்துக் கைதூக்க வேண்டும். அந்தக் கைகளில் தலைவர் கை சேராது. இரண்டு பக்கமும் சமமாக நின்றால் மட்டும் தலைவருக்கு ஒரே ஓட்டு. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். குணாளனும் ஒத்துக்கொண்டார், ஒரு மாதிரியான சிரிப்போடு. அவர் சாதாரண உறுப்பினராகக் குழுவிலேயே தங்கிவிட்டார்.

தலைவரான பிறகுதான் தெரிந்தது, விதி மாறினாலும் ஜனங்கள் மாறமாட்டார்கள் என்று. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஆள். மேல் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, தலைவரே. பக்கத்து வீட்டுக்காரர் டுரியான் தோலைப் படியிலேயே வைத்திருக்கிறார், தலைவரே. மூன்றாவது மாடியில் ஓர் அம்மா, கோபித்துக்கொண்டு போன மருமகனைக் கூப்பிட்டுக் கண்டிக்கச் சொன்னார். “நான் பிளாட்டுக்குத் தலைவர்மா, ஒங்க மருமகனுக்கு இல்ல” என்றேன். அப்படியென்றால் எதற்குத் தலைவர் என்று கேட்டுவிட்டுப் போனார். பாயான் பாருவில் எலக்ட்ரானிக் பேக்டரியில் இருபத்தைந்து வருஷம் லைன் பார்த்தவள் நான். அங்கேகூட இவ்வளவு தொல்லை கிடையாது.

கீழே மீரா சாகிப் கடையில் உட்கார்ந்தாலும் இதே கதைதான். அங்கே ஒரு டிவி உண்டு. அதில் ஏதோ ஒரு நாட்டின் ஜனாதிபதி பெரிய பேனாவால் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தைத் தூக்கிக் காட்டுவார். “அந்தாள மாதிரி நீங்களும் ஒரு சைன் போடுங்கலா, தலைவரே. குழாய் சரியாயிடும்” என்று கிண்டல் செய்வார்கள். அந்தக் கையெழுத்தை அந்த ஊர்க் கோர்ட்டு மறுநாளே நிறுத்திவைத்ததையும் அதே டிவிதான் காட்டியது. அதை யாரும் பார்க்கவில்லை, அப்போது எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

மீரா சாகிப் கடை எங்கள் மாடிப்படி இறங்குகிற இடத்திலேயே இருந்தது. நாலு மாடிக்கும் ஒரே படிதான், லிப்ட் கிடையாது. கீழே படியை ஒட்டிய திறந்த இடத்தில் ஒரு தகரக் கூரை, ரொட்டிக் கல்லு, நாலு மேசை. ரொட்டி சானாய், தே தாரேக் என்கிற ஆற்றிய டீ, வெள்ளிக்கிழமை மட்டும் நாசி கண்டார் சோறு. வேலைக்குப் போகிறவர்கள் படியிறங்கினால் நேரே அவர் மேசையில்தான் இறங்க வேண்டும். அவருக்கு அந்த இடத்தைக் கொடுத்தது குணாளன். குழுவைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. அவர் செய்ததில் நாங்கள் யாரும் குறை சொல்லாத ஒரே காரியம் அதுதான்.

மீரா சாகிப் பாய் எனக்கு யார் என்பதைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம் என் மகள் ஷர்மினிக்கு எட்டு வயது. எனக்கு ஷிப்டு. பள்ளி விட்டு வருகிற பிள்ளையை யார் பார்ப்பது? பாய்தான் பார்த்தார். மூலை மேசையில் உட்காரவைத்து, சீனி தூவிய ரொட்டியைக் கையில் கொடுத்து, என் பேக்டரி பஸ் வரும் வரைக்கும் வீட்டுப்பாடம் எழுதவைப்பார். வீட்டுக்காரர் போன பிறகும் அது நிற்கவில்லை. ஒரு நாள்கூட அவர் அதைச் சொல்லிக்காட்டியது கிடையாது. ஷர்மினி இப்போது சிம்பாங் அம்பாட்டில் குடும்பமாக இருக்கிறாள். இங்கே வந்தால் என் வீட்டுக்கு ஏறுவதற்கு முன்னால் பாய் கடையில் உட்கார்ந்துவிடுவாள்.

அந்தக் கடைக்குத்தான் ஆபத்து வந்தது. முதல் மாடியில், கடைக்கு நேர் மேலே இருக்கிற சிவநேசன் குழுவிடம் மனு கொடுத்தான், அவனும் குழுவில் ஒருத்தன். படிக்குப் பக்கத்தில் கேஸ் தோம்பு, அதாவது சிலிண்டர், வைத்து அடுப்பெரிக்கக் கூடாது, கடையை எடுக்க வேண்டும் என்று. அதற்கு முந்திய மாதம் ஒரு சனிக்கிழமை கேஸ் டியூப் கழன்று நாற்றம் வந்ததாம், பாய் உடனே மூடிவிட்டாராம். நான் அன்றைக்கு ஷர்மினி வீட்டில் இருந்தேன். வந்து கேட்டபோது எல்லாரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள், ஒன்றும் ஆகவில்லை என்று.

கடையை வேறெங்காவது தள்ளிவைக்க முடியுமா என்று நான் பார்க்காத வழியில்லை. பின்பக்கம் குப்பைத் தொட்டி, அங்கே எவன் உட்கார்ந்து சாப்பிடுவான்? கேஸை விட்டுக் கரண்ட் அடுப்பு என்றால், கீழ்த்தள வயரிங் அந்தச் சுமையைத் தாங்காது என்று வயர்க்காரர் கையை விரித்துவிட்டார். ரோட்டோரம் போட மாநகர் மன்ற லைசன்ஸ் வேண்டும், அதற்கு ஏற்கனவே ஒரு கூட்டம் காத்துக்கிடக்கிறது. ஆகக் கடைசியில் இரண்டே வழி. கடை இருந்த இடத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் போக வேண்டும்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் பாய் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். கடை திறந்திருக்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“அக்கா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்க பாய்.”

“குணாளன் அண்ணே இருந்தப்ப எனக்கு ஒரு ஆளோட மனசு போதும். காலையில அவருக்கு ஒரு தே ஹாலியா குடுத்தா, அன்னிக்குக் கவலை இல்ல. இப்ப எட்டுப் பேரு. யாரு மனசுல என்ன இருக்குன்னு தெரியல.”

எனக்குச் சுருக்கென்றது. நான் நியாயம் என்று நினைத்துக் கொண்டுவந்த விதி, பாய் தலைமேல்தான் முதலில் வந்து விழுந்திருக்கிறது. அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த மனுஷனுக்கு வேறு தொழில் தெரியாது, மகள் அதிரா இன்னும் காலேஜில் படிக்கிறாள். கல்லு நின்றுபோனால் வீடே நின்றுபோகும்.

“எட்டுப் பேருல நாலு பேரு ஒங்க பக்கம்” என்றேன். அது பிளாட்டுக்கே தெரிந்த கணக்கு. குணாளனையும் சேர்த்து நாலு பேர் கடை வேண்டும் என்றார்கள். சிவநேசனையும் சேர்த்து நாலு பேர் வேண்டாம் என்றார்கள். “சமமா நின்னா என்கிட்ட வரும்.”

“ஒங்ககிட்ட வந்தா போதும்க்கா” என்று எழுந்து போய்விட்டார். நான் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கத் தேவையில்லை என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

கூட்டம் எட்டு மணி என்று ஒட்டியிருந்தது. எங்கள் ஆட்களுக்கு எட்டு மணி என்றால் எட்டரை. கல்யாணம், காதுகுத்து, சங்கக் கூட்டம், எதுவானாலும் இதுதான். போட்ட நேரத்துக்கு ஆரம்பித்தால்தான் ஆச்சரியப்படுவார்கள். சிவநேசன் கடலுக்கு அந்தப் பக்கம் மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளோடு படகு ஏறி இந்தப் பக்கம் வர எட்டே கால், எட்டு இருபது ஆகும். எட்டரையை நம்பித்தான் அவன் எந்தக் கூட்டத்துக்கும் வருவான்.

அன்றைக்கு நல்ல மழை. எட்டு மணிக்கு அறையில் அவனைத் தவிர எல்லாரும் வந்துவிட்டார்கள். அதற்கே கடைதான் காரணம், வேறு விஷயத்துக்கு இப்படி வரமாட்டார்கள். எல்லார் போனும் ஒன்றாக முனகியது. குரூப்பில் சிவநேசன் எழுதியிருந்தான், படகைத் தவறவிட்டுவிட்டதாகவும் அடுத்ததில் வருவதாகவும்.

குணாளன் போனைக் கவிழ்த்துவைத்தார். “மணி எட்டாச்சு தலைவரே. ஆரம்பிங்க.”

நான் அவரைப் பார்த்தேன்.

“ரூல் ரூல்னு சொன்னீங்கல்ல? எட்டுன்னா எட்டு. ஆள் போதுமான அளவு இருக்கு. கடை விஷயத்த மொதல்ல எடுங்க, பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும். நாலுக்கு மூணு. நீங்க கைய தூக்கவே வேணாம்.”

ரோஹானாவும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கோரம் இருக்கிறது, ஆரம்பிக்கலாமா என்று மலாயில் கேட்டாள். அவள் மனசில் ஒன்றுமில்லை, எழுதுவதற்குக் காத்திருந்தாள்.

சாமி சத்தியமாகச் சொல்கிறேன், ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். கூட்டத்தை எப்போது தொடங்குவது, எதை முதலில் எடுப்பது, இரண்டும் தலைவர் கையில். என் அதிகாரமே அவ்வளவுதான், அந்த அவ்வளவே பாயைக் காப்பாற்றப் போதும். யாரும் என்னைக் கேட்க முடியாது. கோர்ட்டுக்குப் போனாலும் நான்தான் ஜெயிப்பேன். ஆனால் எங்கள் கூட்டங்களில் நேரத்துக்கு ஆரம்பிப்பது என்றைக்கும் இல்லாத வழக்கம், அதை அன்றைக்குப் பார்த்துப் பிடித்தால் அதற்குப் பெயர் ஒழுங்கு இல்லை, திருட்டு. குணாளனும் ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் கொடியை அறுத்தார். கொடியாவது கயிறு, நான் அறுக்கப்போவது ஒருத்தன் பேச்சை.

அதோடு இன்னொன்றும் இருந்தது. அவன் வந்தால் என்ன, நாலுக்கு நாலு ஆகும், அப்புறம் என் ஓட்டு. அது யாருக்கு என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் காத்திருப்பது பெரிய தியாகம் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

“எட்டரைக்கு ஆரம்பிக்கலாம்” என்றேன். “எப்பவும் அப்படித்தானே.”

குணாளன் நாற்காலியைப் பின்னால் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டார். “ஒங்க இஷ்டம். பாய்கிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்.”

சிவநேசன் எட்டரை தாண்டித்தான் வந்தான், அதுவரை நான் ஆரம்பிக்கவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழைக்கோட்டைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். முப்பது வயதுதான் இருக்கும், கூட்டத்தில் பேசுகிற ஆளே இல்லை. மனுவையும் இரண்டு வரியில்தான் எழுதியிருந்தான். ஒவ்வொருவராகப் பேசச் சொன்னேன். குணாளன் பாயின் ரொட்டியைப் பற்றிப் பேசினார், நன்றாகவே பேசினார். கடைசியில் சிவநேசன் முறை.

“எனக்கு பாய்மேல கோவம் இல்லக்கா. நானும் அங்கதான் சாப்புடுறேன். கிஷன் மொதல்ல தின்ன ரொட்டி அவரு குடுத்ததுதான்.” கிஷன் அவன் மகன், மூன்று வயது. “அன்னிக்கு நான் ஓவர்டைம்ல இருந்தேன். வீட்லேர்ந்து தனுஜா போன் பண்ணுனா. கேஸ் நாத்தம் படி முழுக்க இருக்கு, புள்ளய தூக்கிட்டு வாசல்ல நிக்கிறேன், எறங்கவா, இருக்கவான்னு கேட்டா.”

நிறுத்திவிட்டு மழைக்கோட்டைப் பார்த்தான்.

“எறங்குனா தோம்பு வழியாத்தான் போகணும். இருந்தா நேர் மேல இருக்கா. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலக்கா. போனப் புடிச்சிக்கிட்டு அப்படியே நின்னேன். அவ திரும்பித் திரும்பி அதையேதான் கேக்கிறா, சொல்லுங்க, எறங்கவா, இருக்கவா. பாய் மூடிட்டாரு, ஒண்ணும் ஆவல. ஆனா நான் ஒண்ணுமே சொல்லல அவளுக்கு. அதான்க்கா.”

அவன் உட்கார்ந்தான். ஒன்றும் ஆகவில்லை என்று என்னிடம் சிரித்துச் சொன்னவர்கள் இரண்டு பேர் அந்த அறையில் இருந்தார்கள், அவர்கள் தரையைப் பார்த்தார்கள். எட்டு மணிக்கு ஆரம்பித்திருந்தால் இதை நான் கேட்டிருக்கவே மாட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மறைக்க மாட்டேன்.

கை தூக்கச் சொன்னேன். யாரும் பக்கம் மாறவில்லை. நாலுக்கு நாலு. ரோஹானா எழுதிவிட்டுப் பேனாவோடு என்னைப் பார்த்தாள்.

குணாளனைத் திட்டித் திட்டித் தொண்டைத் தண்ணீர் வற்றினவள் நான். அன்றைக்கு ஒரு நிமிஷம் அந்த ஆள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அவரென்றால் மனசுக்குப் பிடித்தவரை வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கியிருப்பார். எனக்கும் பிடித்தவர் பாய்தான். என் பிள்ளைக்குச் சோறு போட்டவர். ஆனால் அந்த ஒரு ஓட்டை பிளாட்டில் இருக்கிறவர்கள் ஷர்மினியின் அம்மாவுக்குக் கொடுக்கவில்லை. படி ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதன் மேல்முனையில் நிற்கிறாள். அவளுக்கு அவள் புருஷனால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது என்னைக் கேட்கிறாள்.

“கடைய எடுக்கணும்” என்றேன். “ரெண்டு மாசம் டைம் குடுக்கலாம்.” என் குரல் எனக்கே கேட்கவில்லை. ரோஹானா இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

யாரும் கைதட்டவில்லை. சிவநேசன்கூடச் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை, மழைக்கோட்டை மறுபடியும் மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வெளியே போனான். குணாளன் நாற்காலிகளை அடுக்கினார்.

பாயிடம் நானே சொல்ல வேண்டும் என்று காலையில் எல்லாருக்கும் முன்னால் இறங்கினேன். வேறு யார் மேலாவது போட்டுவிட்டுப் பதுங்குகிற ஆள் நான் இல்லை. அவர் மாவை வீசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. தெரிந்துவிட்டது என்று புரிந்தது. ஒரு தே தாரேக்கை என் முன்னால் வைத்துவிட்டுக் கல்லுக்குத் திரும்பினார்.

“குணாளன் அண்ணே ராத்திரி வந்து சொன்னாரு” என்றார். “எட்டு மணிக்கே ஆரம்பிச்சிருந்தா முடிஞ்சிருக்குமாமேக்கா.”

“ஆமா பாய். முடிஞ்சிருக்கும்.”

“ஆரம்பிக்கல.”

“சிவநேசன் வரல. அவன் பேச வேண்டியது இருந்துச்சு.”

“பேசிட்டாரு. அப்பறமும் ஒங்க ஓட்டு இருந்துச்சே.”

“இருந்துச்சு.”

அவர் ரொட்டியைத் திருப்பிப்போட்டார். தனுஜா போனில் கேட்டதைச் சொன்னேன். ஒன்றையும் விடாமல், சிவநேசன் சொன்ன மாதிரியே சொன்னேன். பாய் அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டார். கொஞ்ச நேரம் படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் புள்ள அங்க நின்னது எனக்குத் தெரியாதுக்கா” என்றார். “சத்தியமா தெரியாது. நான் டியூபத்தான் பாத்தேன்.”

“தெரியும் பாய்.”

“சரி. ஒங்களக் குத்தம் சொல்லல.”

“மன்றத்துக்கு நானே ஒங்ககூட வர்றேன். லைசன்சுக்குப் பேசுறேன். பிளாட் சார்பா சொல்றேன்.”

“நீங்க சொன்னா குடுத்துருவாங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்கு அது தேவலையாக இருந்திருக்கும். “தெரியாது பாய். அது என் கையில இல்ல.”

“ஒங்க கையில இருந்தது ஒண்ணே ஒண்ணுதான்க்கா” என்றார். கோபமே இல்லை. கணக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அதற்குள் வேலைக்குப் போகிறவர்கள் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தர் ரெண்டு ரொட்டி டாப்பாவ் கேட்டார், பாய் கட்டிக்கொடுத்தார். தனுஜா கிஷனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவள், எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் படியிலேயே தயங்கி நின்றாள். பாய் அவளைப் பார்த்து, “வாம்மா, வழி இருக்கு” என்று ஒரு மேசையைத் தள்ளிப்போட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். கிஷன் மட்டும் கல்லையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான்.

நான் எழுந்தேன். டீயை முடிக்கவில்லை. எப்போதும் முடிக்காவிட்டால் சத்தம் போடுவார், அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் கிளாஸை எடுத்தார். நான் படியில் கால் வைக்கும்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

“பாத்துப் போங்க தலைவரம்மா. படி ஈரமா இருக்கு.”

பாய் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஷர்மினியின் கையைப் பிடித்து என்னிடம் ஒப்படைத்த நாளிலிருந்து நான் அவருக்கு அக்கா. திரும்பிப் பார்த்தேன். அவர் அடுத்த மாவை வீச ஆரம்பித்துவிட்டார், முகம் எப்போதும்போல்தான் இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு அழுதேன்.